பத்து நொடியில் முடிந்த வேலை

“நான் ஒரு வேலைய முடிச்சேன்னா அது முடிஞ்சது. அதுக்கப்புறம் ஆண்டவரே நேர்ல வந்தாலும் அதுல செய்றதுக்கு அவருக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது.”

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியின் கேன்டீனில், திங்கட்கிழமை சாயங்காலம், டீ கிளாஸை உயர்த்திப் பிடித்தபடி பிராங்க் இப்படிப் பிரகடனம் செய்தார். அவர் அந்தக் கம்பெனியின் சிஸ்டம் அட்மின். அன்று அவர் முடித்திருந்த வேலை, சர்வரில் புது டிஸ்க்குகளைச் சேர்த்து, டிராயிங் பிரிவுக்கென்று ‘வால்யூம்’ என்கிற பெரிய இடமாகப் பிரித்து, ஃபார்மட் செய்து கொடுத்தது. கடைசிக் கட்டளையைத் தட்டிவிட்டுப் பத்து எண்ணுவதற்குள் வேலை முடிந்ததாகத் திரை அறிவித்துவிட்டது. திரையே ஒப்புக்கொண்ட பிறகு மனிதர்களின் சாட்சி எதற்கு?

கேன்டீன் வேம்புலியம்மாள் அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமலே கேட்டாள்: “பத்து செகண்டுல இன்னாத்த நைனா முடிச்ச? எனக்கு ஸ்டவ்வு பத்திக்கவே அத்தினி நேரம் ஆவுது.”

“அதான் நீ கேன்டீன்ல கீற, நான் ஏசி ரூம்ல கீறேன்.”

“எது, அந்த மாடிப்படிக்குக் கீழ கீற ரூமா? அதுல நான் வெங்காய மூட்ட போட்டு வெச்சிகினு இருந்தேன். ஏசி மாட்டிட்டா வெங்காய வாசன போயிடுமா?”

வாசனை இன்னும் போகவில்லை என்பது பிராங்குக்குத் தெரியும். ஆகவே டீயைக் குடித்தார்.

பிராங்குக்கு வயது நாற்பத்தேழு. பிறப்பும் வளர்ப்பும் கள்ளிக்குப்பம். அப்பா அருள்தாஸ் இதே எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். மகன் கையில் எண்ணெய் படக்கூடாது என்று வைராக்கியமாகப் பாலிடெக்னிக்கில் சேர்த்தார். அந்த வைராக்கியம் வீண்போகவில்லை. பிராங்கின் கையில் எண்ணெய் படவே இல்லை, பிரிண்டர் மைதான் படிந்தது. கம்பெனிக்குள் பிளக் மாட்டக்கூடிய எதுவும் அவருடைய ஆட்சி எல்லைக்குள் வரும். விரல்ரேகை வைக்கிற வருகைப்பெட்டி, வாசல் கேமரா, முதலாளி ஸ்ரீநாத்தின் மகள் உடைத்த டேப்லெட், ஒருதடவை கேன்டீன் கிரைண்டர்.

எடுத்த காரியத்தை முடிப்பதில் அவருக்கு இருந்த புகழை அவரே வளர்த்தார். வேறு யாரும் அந்தப் பொறுப்பை ஏற்காததால் அப்படி. கள்ளிக்குப்பத்தில் அவர் வீட்டு மேல்மாடியில் பூச்சு இல்லாத சுவர்களும், வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளும் ரொம்ப வருடமாக நிற்கின்றன. தபால்வழிப் பட்டப்படிப்பில் ஒரு தாள் பாக்கி. கோயில் பாடகர் குழுவுக்காக வாங்கிய கிட்டாரில் அவருக்கு இரண்டு கார்ட்ஸ் பிடிக்கத் தெரியும், பாட்டுக்கு மூன்று வேண்டும். மனைவி ஃபெபி இதையெல்லாம் கேட்டால் பிராங்க் பொறுமையாக விளக்குவார்: “அதெல்லாம் வேலை இல்ல ஃபெபி. ப்ராஜெக்ட். ப்ராஜெக்டுக்கு முடிவு கிடையாது.”

மறுநாள் செவ்வாய்க்கிழமை. புதன் ஆயுத பூஜை விடுமுறை என்பதால், எஸ்டேட் வழக்கப்படி முதல் நாளே கம்பெனியில் பூஜை. காலையிலேயே மிஷின்களைத் துடைத்து, பட்டை அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியாயிற்று. பூஜை போட்ட மிஷினை விஜயதசமி காலை வரை யாரும் தொடக்கூடாது. வருடம் முழுக்க மூன்று ஷிப்டும் ஓடி உழைத்தவற்றுக்கு ஓய்வு. மனிதர்களுக்கும் இப்படி ஒரு வழக்கம் உண்டா என்று தொழிற்சங்கத்தில் யாரோ ஒருமுறை கேட்டதாகச் சொல்வார்கள். அவர் இப்போது கம்பெனியில் இல்லை.

கம்ப்யூட்டர்களும் ஆயுதம்தான். எல்லா மவுஸுக்கும் ஒரு பொட்டு, எல்லாத் திரைக்கும் ஒரு மாலை. சர்வரை மட்டும் பிராங்க் நிறுத்தவிடமாட்டார். படுத்தால் எழுந்திருக்குமா என்று அவருக்கே சந்தேகம், அதை வெளியே சொன்னதில்லை. அதனால் ஒரு சமரசம்: மற்ற கம்ப்யூட்டர்களை அணைத்து, நெட்வொர்க்கையும் துண்டித்துவிடுவார்கள். சர்வர் விழித்திருக்கும், ஆனால் கேட்க ஆளில்லாததால் சும்மா இருக்கும். ஒருவகைத் தியானம். அதன் நெற்றியில் பிராங்க் ஒட்டிய வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர், அதற்குக் கீழே ஸ்ரீநாத் வைக்கும் குங்குமம். இருதரப்புப் பாதுகாப்பு.

மூன்று மணிக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஸ்ரீநாத் கற்பூரத் தட்டோடு வேகமாக வந்தார். அப்பா தொடங்கிய கம்பெனியை நடத்துகிற, வெளிநாட்டில் படித்த, நாற்பது வயது மனிதர். புகை பட்டு எச்சரிக்கை மணி அடித்துவிடுமோ என்று பிராங்க் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு ஒரு சுற்று சுற்றி, பாதியில் நின்றது.

“பிராங்க், இது என்ன மின்னுது?”

புது டிஸ்க்குகளின் மஞ்சள் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ஒருமுறை இருமுறை அல்ல. மேஜையடியில் ஒளிந்து கடலை கொறிப்பவனைப் போல, நிறுத்தாமல், அவசரமில்லாமல்.

“நெட்வொர்க் ஆஃப்தானே?”

“ஆஃப் சார். ஒயரையே புடுங்கிட்டேன்.”

“யாரும் வேலை செய்யலையே?”

“யாரும் இல்ல சார்.”

“அப்ப யாருக்காக இது ஓடுது?”

‘தெரியல சார், பார்த்துச் சொல்றேன்’ என்பது நாலே சொல். குழந்தைகூடச் சொல்லும். ஆனால் பின்னால் ஊழியர்கள் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்கள், முன்வரிசையில் வேம்புலியம்மாள். இந்த டிஸ்கில் எல்லாவற்றையும் முடித்துவிட்டதாக நேற்று அறிவித்த மனிதர் அவர். தன் வேலையில் மிச்சம் இருக்க முடியாது. அப்படியானால் மிச்சம் வேறு யாருடையதாகவோ இருக்க வேண்டும். தர்க்கம் கச்சிதமாக இருந்தது.

“அது டிராயிங் வால்யூம் சார்,” என்றார். “அதை அனுசுயா மட்டும்தான் யூஸ் பண்றாங்க. தானா ஓடற மாதிரி ஏதாவது ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டு வெச்சிருக்கலாம். ஆள் இல்லாட்டியும் அது உள்ளயே உட்கார்ந்து ஃபைல மூட்டை கட்டிக்கினு இருக்கும்.”

சொல்லி முடித்தபோதே வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவருக்கு. ஆனால் சொன்னது முடிந்தது.

அனுசுயா டிராயிங் பிரிவில் வரைபடம் போடுகிறவள். நெமிலிச்சேரியிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருவாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அந்த வீட்டில் அவள்தான். நேற்று இடம் கிடைத்ததும் இந்த மாதத்து வரைபடங்களை அதில் ஏற்றிவிட்டு, “தாங்க்ஸ்ண்ணா, சீக்கிரமா குடுத்துட்டீங்க” என்று சொன்னவளும் அவளே.

ஸ்ரீநாத் அவளை அழைத்தார். “போன வாரம் லீவு போட்டு ஒரகடம் போனீங்களா?”

“ஆமா சார்.”

“அங்க நம்ம போட்டிக் கம்பெனி இருக்கு.”

“என் நாத்தனார் ஊடு கூட அங்கதான் கீது சார். புள்ளைக்கு மொட்டை போட்டாங்க.” அவளுக்கு விஷயம் அப்போதுதான் உறைத்தது. “சார், ஸ்கிரிப்டுன்னா எப்டி எழுதறதுன்னே எனக்குத் தெரியாது. அண்ணா, நீங்க சொல்லுங்கண்ணா.”

அண்ணா அந்த நேரத்தில் ஏசி எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

தீர்ப்பு அங்கேயே ஆனது. அனுசுயாவை வேலையைவிட்டு அனுப்புவது மட்டுமல்ல, எஸ்டேட் முதலாளிகளின் வாட்ஸ்அப் குழுவில் அவள் பேரையும் படத்தையும் போட்டுவிடுவது. அந்தக் குழுவில் ஒருமுறை பேர் வந்துவிட்டால் அம்பத்தூரிலிருந்து ஒரகடம் வரை எந்தக் கேட்டும் திறக்காது. ஆனால் மணி மூன்று ஆகிவிட்டது. ஒருத்தியைத் திருடி என்று ஊருக்குச் சொல்வதும் ஒரு தொடக்கம்தான், தொடக்கம் எதையும் ராகு காலத்தில் செய்யலாகாது. ஸ்ரீநாத் சாஸ்திரம் தெரிந்தவர்.

“நாலரைக்கு மெசேஜ் போட்டுடறேன். அதுக்குள்ள நீங்க ஒருதரம் கன்ஃபர்ம் பண்ணிடுங்க பிராங்க். ஆனா மிஷினைத் தொடாதீங்க, பூஜை போட்டாச்சு.”

தொடாமல் விசாரணை. எல்லோருக்கும் பொரியும் சுண்டலும் இனிப்புப் பெட்டியும் வழங்கினார்கள். அனுசுயாவின் முறை வந்தபோது செக்யூரிட்டி பெட்டியை நீட்டி, முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்ப எடுத்துக்கொண்டார். அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். நாலரை வரை வெளியே போகக்கூடாது என்று உத்தரவு.

பிராங்க் மாடிப்படிக்குக் கீழே விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அது மின்னியது. வைரஸாக இருக்கலாம் என்று நினைத்தார். மின்னியது. எலி ஒயரைக் கடித்திருக்கலாம் என்று நினைத்தார். அதற்கும் மின்னியது. அனுசுயாவாகவே இருந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி என்று ஒரு நொடி நினைத்தார். அந்த நொடிக்காக மாதா ஸ்டிக்கரைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேம்புலியம்மாள் ஒரு தொன்னையில் சுண்டலோடு எட்டிப் பார்த்தாள். “இந்தா துன்னு. அந்தப் பொண்ணு தண்ணிகூட வாணாங்குது. சொவத்தப் பாத்துகினு குந்திகினு கீது.”

“அதுக்கு நான் இன்னா பண்றது?”

“நீதானே சொன்ன?”

“நான் எந்த வால்யூமுன்னுதான் சொன்னேன்.”

“அவ பேரத்தான் சொன்ன. நான் உன் பின்னாடியே கைகூப்பிகினு நின்னேன், காது மூடிகினு நிக்கல.” தொன்னையைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். “பேர சொல்றதுக்கு எத்தினி செகண்டு ஆச்சு நைனா?”

அவள் போனதும் பிராங்க் சுண்டலைத் தொடவில்லை. கீபோர்டையும் தொடவில்லை. அதன் என்டர் சாவியில் குங்குமம் இருந்தது. தொடக்கூடாது என்றுதான் முதலாளி சொன்னார். பென்சிலால் தட்டக்கூடாது என்று அவர் சொல்லவில்லை, சாஸ்திரத்திலும் அப்படி எழுதியிருக்க வாய்ப்பில்லை. சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்து, பின்பக்கத்து ரப்பரால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். கோழி பொறுக்குவதுபோல் கட்டளை மெல்ல உருவாயிற்று.

முதலில், எந்த டிஸ்கில் என்ன நடக்கிறது என்ற கணக்கு. சந்தேகமில்லை, டிராயிங் வால்யூம்தான். இரண்டு பத்திகள் தெரிந்தன: படிப்பது எவ்வளவு, எழுதுவது எவ்வளவு. எழுதும் பத்தியில் எண்கள் ஓடின. படிக்கும் பத்தியில் பூஜ்யம். சிறிது காத்துப் பார்த்தார். பூஜ்யம்தான்.

ஃபைல் திருடுகிறவன் முதலில் அதைப் படித்தாக வேண்டும். படிக்காமல் எப்படி எடுத்துப்போவான்? இங்கே யாரும் எதையும் எடுக்கவில்லை. யாரோ ஓயாமல் உள்ளே கொண்டுவந்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் உள்ளே நிரம்பிய இடம் அங்குலம்கூட ஏறவில்லை. வைப்பது என்ன? டிஸ்கின் ஒரு மூலையை எடுத்துப் பார்த்தார். வெறும் பூஜ்யங்கள். வரிசை வரிசையாக, திருநீற்றுப் பட்டைபோல் பூஜ்யங்கள்.

கடைசியாக, எழுதுகிற ஆள் யார் என்று கேட்டார். பென்சில் என்டரில் விழுந்தது. அனுசுயாவின் பேர் வரவில்லை. எந்த ஊழியரின் பேரும் வரவில்லை. சர்வரின் அடிமடியில் ஓடுகிற, ஃபார்மட் வேலையைச் சேர்ந்த ஒரு சின்ன நிரலின் பேர் வந்தது. அதைப் பார்த்ததும் பிராங்க் பென்சிலைக் கீழே வைத்தார். அது எப்போதோ ஒரு பயிற்சி வகுப்பில் கேட்ட பேர், சாப்பாட்டு இடைவேளைக்கு முந்திய கடைசி ஐந்து நிமிடத்தில்.

ஊருக்கு வெளியே நூம்பல் பக்கம் மனை போடுகிறவர்களைப் பார்த்தால் விஷயம் புரியும். நாலு பேர் நிலத்தை ஒன்றாகச் சேர்த்து, வரப்பை அழித்து, வேண்டிய அளவில் மனை பிரிப்பார்கள். சர்வரில் டிஸ்க்குகளைச் சேர்த்து வால்யூம் பிரிப்பதும் அதுவே. பிறகு வெள்ளைக் கல் நட்டு, பந்தல் போட்டு, ‘உடனே வீடு கட்டலாம்’ என்று போர்டு வைப்பார்கள். சாலை, கால்வாய் எல்லாம் ஆள் குடிவந்த பிறகு சாவகாசமாக. பெரிய டிஸ்க்கை முழுக்க எழுதித் தயார்செய்ய வெகுநேரம் ஆகும், மனிதர்களுக்குப் பொறுமை கிடையாது. ஆகவே சர்வர் கல்லை மட்டும் நட்டு, முடிந்தது என்று சொல்லிவிட்டு, மிச்ச இடத்தையெல்லாம் பின்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பூஜ்யம் எழுதிச் சுத்தப்படுத்துகிறது. ஊரெல்லாம் அடங்கி அதற்கு மற்ற வேலை ஓய்ந்தால் இந்த வேலை தெளிவாகத் தெரியும். இன்றைய பூஜையில் ஓய்ந்ததுபோல் சர்வர் வேறு என்றைக்கு ஓய்ந்தது?

பத்து நொடியில் முடிந்தது கல் நட்டது மட்டும்.

உறுதி செய்துகொள்ள, பென்சிலாலேயே கட்டளை தட்டி அந்த வால்யூமைச் சர்வரிலிருந்து கழற்றினார். விளக்கு நின்றது. திரும்ப மாட்டினார். சிறிது நேரத்தில் மின்னத் தொடங்கியது. மறுபடி கழற்றினார். நின்றது.

மாட்டப் போன பென்சில் அப்படியே நின்றது. விளக்கு அடங்கி, அழகாக, பூஜை போட்ட மிஷினுக்கு உரிய கண்ணியத்தோடு இருந்தது. இப்படியே விட்டுவிட்டால்? சார், பிடிச்சுட்டேன், நிறுத்திட்டேன். அதற்குமேல் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம். மற்றதை ஸ்ரீநாத்தே சொல்லிக்கொள்வார். விஜயதசமியன்று யாரும் பார்க்காதபோது மாட்டிவிட்டால், எழுத வேண்டியதை எழுதிவிட்டுத் தானாக அடங்கும். அப்போது நிஜமாகவே முடிந்ததாகிவிடும்.

வெளியே கேட்டில் பூசணிக்காய் உடைபடும் சத்தம் கேட்டது. ராகு காலம் முடிந்துவிட்டது. ஸ்ரீநாத் ஒரு கையில் செல்போனோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“அட, நின்னுடுச்சே! பிடிச்சிட்டீங்களா? அந்தப் பொண்ணு வேலைதானே? பாருங்க, டைப் பண்ணி ரெடியா வெச்சிருக்கேன். ‘நம்பிக்கைத் துரோகம் செய்த கீழ்க்கண்ட ஊழியரை நம் எஸ்டேட் நண்பர்கள் யாரும்’... ஃபோட்டோவும் போட்டாச்சு. அனுப்பிடட்டுமா?”

திரையில் அனுசுயாவின் அடையாள அட்டைப் படம் இருந்தது. அந்தப் படத்தை எடுத்ததும் பிராங்க்தான். ‘கொஞ்சம் சிரிம்மா’ என்று சொல்லி எடுத்தது.

பிராங்க் பென்சிலை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாக, முன்பைவிட மெதுவாகத் தட்டினார். என்டரில் ரப்பர் பட்டு அதிலும் குங்குமம் ஒட்டியது. விளக்கு ஒருமுறை மின்னியது. பிறகு நிறுத்தாமல் மின்னத் தொடங்கியது.

“என்ன பண்றீங்க? மறுபடி வந்துடுச்சே!”

“இது நேத்து நான் ஃபார்மட் பண்ணது சார். அது முடியல. மிச்சத்த மிஷினே பண்ணிகிட்டு இருக்குது. எந்த ஃபைலும் வெளிய போகல, யாரும் எதையும் தொடல. அனுசுயாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“நேத்து முடிச்சிட்டேன்னு எங்கிட்டயே சொன்னீங்களே?”

“சொன்னேன் சார்.”

“எல்லார் முன்னாடியும் அவ பேரச் சொன்னீங்களே?”

“அதையும் நான்தான் சார் சொன்னேன்.”

ஸ்ரீநாத் விளக்கைப் பார்த்தார், பிராங்கைப் பார்த்தார், கடைசியாகச் செல்போனைப் பார்த்து, தட்டச்சு செய்ததை அழிக்கத் தொடங்கினார். படமும் போயிற்று. “இது எப்ப முடியும்?”

“தெரியல சார்.”

“அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க,” என்றார் ஸ்ரீநாத். சங்கடமான காரியங்களைத் தகுந்தவரிடம் ஒப்படைப்பதும் நிர்வாகத்தில் ஒரு பாடம். வெளிநாட்டில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

டிராயிங் பிரிவில் எல்லாத் திரைகளும் மாலையோடு இருட்டிக் கிடந்தன. அனுசுயா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஒண்ணும் இல்லம்மா,” என்றார் பிராங்க். “என் வேலைலதான் மிச்சம் இருந்துச்சு. சார்கிட்ட சொல்லிட்டேன். மெசேஜ அழிச்சிட்டாரு. நீ ஊட்டுக்குப் போலாம். விஜயதசமிக்கு எப்பவும்போல வா.”

“சரிண்ணா.”

ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. “உங்களுக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாமே. என் பேர எதுக்குண்ணா சொன்னீங்க?”

பிராங்க் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதன் கைப்பிடியிலும் சந்தனம் இருந்தது, சட்டையில் ஒட்டியது. அவர் துடைக்கவில்லை.

“அது வந்து அனுசுயா, அந்த நேரத்துல எல்லாரும் பாத்துகினு இருந்தாங்களா, நான்...”

அவள் காத்திருந்தாள்.

“அதாவது, நேத்துதான் கேன்டீன்ல நான் பெரிசா...”

ரயிலுக்கு நேரமாகிறது என்று அவள் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவும் இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிராங்க் மறுபடி ஆரம்பித்தார். அதுவும் பாதியில் நின்றது.